இம்யூனிட்டி: சொல் விளக்கம்

இம்யூனிட்டி என்னும் சொல்லுக்கும் நோய்க்கும் தொடக்கத்தில் தொடர்பே இல்லை. இலத்தீனில் 'முனுஸ்' என்பது ஊருக்கோ அரசுக்கோ ஒருவர் ஆற்றவேண்டிய கடமையையும் செலுத்தவேண்டிய வரியையும் குறித்தது; அதிலிருந்து விலக்குப் பெற்றவன் 'இம்யூனிஸ்'. வரி நீக்கிய நிலத்தை நம் கல்வெட்டுகள் 'இறையிலி' என்கின்றனவே, ஏறக்குறைய அதே கருத்து. பெரியம்மையிலிருந்து பிழைத்தவருக்கு அந்நோய் பொதுவாக மீண்டும் வருவதில்லை என்று கண்ட மருத்துவம், அவரையும் விலக்குப் பெற்றவராகக் கொண்டு பின்னாளில் இச்சொல்லை எடுத்துக்கொண்டது.

தமிழில் இதற்குப் பல சொற்கள் வழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'நோய்த்தடைக்காப்பு', பேச்சில் 'எதிர்ப்புச் சக்தி', இலங்கையில் 'நிர்ப்பீடனம்'. கடைசிச் சொல் வடமொழியேயாயினும், பீடனம் (துன்பம்) இல்லாமை என எதிர்மறையில் அமைந்திருப்பதால் இலத்தீன் மூலத்துக்கு மிக நெருக்கமானது.

இவற்றுள் எது பொருந்தும் என்பதைப் புற்றுநோயில் வைத்துப் பார்க்கலாம். புற்றணு வெளியிலிருந்து வந்த பகையன்று, நம் உயிரணுவே திரிந்தது. ஆயினும் அதன் மேற்பரப்பில் தோன்றும் மாறிய புரதத் துணுக்குகளை அடையாளம் கண்டு, இரத்த வெள்ளையணுக்களில் ஒருவகையான டி அணுக்கள் அதை அழிக்கின்றன. தப்பிக்கும் புற்றணுக்கள் பலவும் பி.டி.எல்-1 என்னும் புரதத்தை ஏந்திக்கொண்டு, டி அணுவிலுள்ள பி.டி.-1 ஏற்பியைப் பற்றி (ஆங்கில எழுத்துகளே, தமிழ்ப் 'பிடி' அன்று, பொருந்தினாலும்) தாக்குதலை நிறுத்திவிடுகின்றன. சொல்லின் பழம்பொருளில் பார்த்தால், இங்கே இறையிலி பெற்றது புற்றுதான்.

பி.டி.-1ஐ 1992இல் அறிவித்த ஜப்பானியர் தசுகு ஹோன்ஜோவும், சி.டி.எல்.ஏ.-4 என்னும் மற்றொரு தடையை விலக்கிக் காட்டிய அமெரிக்கர் ஜேம்ஸ் ஆலிசனும் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வழியில் வந்த மருந்துகள் புற்றணுவை நேரே கொல்வதில்லை. டி அணுவின் மேலுள்ள தடையை அகற்றுகின்றன.

இங்குதான் 'தடைக்காப்பு' இடறுகிறது. தடையால் காப்பது என்று பெயர் வைத்துவிட்டு, தடையை நீக்குவதே சிகிச்சை என்றால் படிப்பவர் குழம்புவார். எனவே ஆற்றலை 'நோயெதிர்ப்பாற்றல்' என்றும் இம்மருந்தைத் 'தடைநீக்கி' என்றும் வழங்குவதே தெளிவு என்பது என் கருத்து. தடை நீங்கிய டி அணுக்கள் சிலருக்குக் குடலையும் தைராய்டையும் தாக்குவதுண்டு. அதையும் 'தன்னெதிர்ப்பு' என்று இயல்பாகச் சொல்லிவிடலாம், 'தன்தடைக்காப்பு' என்றாலோ பொருளே தலைகீழாகிவிடும்.