பூச்சியை விரட்டும் சாறு உடம்புக்கு நல்லதுதானா?

சில வாரங்களுக்கு முன் ஒருவர் கேன் நிறையக் கரும்பச்சைக் கஷாயத்தைக் கொண்டுவந்து என் ஆய்வக மேசையில் வைத்தார். காட்டோரம் பறித்த நொச்சி இலையாம். "இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தேன், வீடே மணத்தது. கொசுவை விரட்டுமா என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார். மூடியைத் திறந்து முகர்ந்தேன். வாசம் ஏறக்குறைய இல்லை. கொசுவுக்கு ஆகாத பொருளில் பெரும்பங்கு அந்த மணத்தில்தான் இருந்தது. அதை ஆவியாகப் போகவிட்டு, மிச்சத்தைச் சுமந்து வந்திருந்தார்.

அதே கஷாயம் ஆன்டி ஆக்சிடன்ட் சோதனையில், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனை அளக்கும் சோதனையில், நன்றாகவே தேறியது. இதில்தான் பலரும் குழம்பிப்போகிறார்கள். ஒரே செடிதான், ஆனால் இரண்டு குணங்களும் பெரும்பாலும் வெவ்வேறு பொருள்களில் இருக்கின்றன. ஆன்டி ஆக்சிடன்டாக வேலை செய்யும் ஃபீனால்கள் எளிதில் ஆவியாவதில்லை. நீரிலோ ஆல்கஹாலிலோ கரைந்து தங்கிவிடும். பூச்சியை விலக்கும் டெர்பீன்கள் எண்ணெய்த் தன்மை கொண்டவை, சூடு பட்டால் பறந்துவிடும். 'மூலிகைச் சாறு' என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்பதில்லை. எந்தக் கரைப்பானில், எந்தச் சூட்டில் எடுத்தது என்று கேட்பேன்.

அந்தச் சோதனையைப் பார்க்க அழகாக இருக்கும். டிபிபிஹெச் என்ற அடர் ஊதாக் கரைசலில் சாற்றைச் சில துளிகள் விட்டு அரை மணி நேரம் இருட்டில் வைப்போம். ஊதா மெல்ல வெளிறி மஞ்சளாகும். எவ்வளவு வெளிறியது என்பதை 517 நானோமீட்டர் ஒளியில் அளப்போம். எத்தனையோ முறை செய்தும் எனக்கு இன்னும் அலுக்கவில்லை. ஆனால் அந்த மஞ்சள், குழாய்க்குள் நடந்த ஒரு வினையை மட்டுமே காட்டுகிறது. சாறு குடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரல் அதை என்ன செய்யும் என்பதற்கெல்லாம் அதில் பதில் கிடையாது. நச்சுச் செடியின் சாறும் ஊதாவை மஞ்சளாக்கும். இப்படிப்பட்ட குழாய்ச் சோதனை எண்கள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுவதைக் கண்ட அமெரிக்க வேளாண் துறை, உணவுப் பொருள்களின் ஆன்டி ஆக்சிடன்ட் திறனை எண்ணாகத் தந்த தன் 'ஓராக்' பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது. மனித உடம்பில் என்ன ஆகும் என்பது வேறு கதை. பின்லாந்தில் சுமார் 29,000 ஆண் புகைபிடிப்பவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. ஆன்டி ஆக்சிடன்ட் என்று கொடுத்த பீட்டா கரோட்டின் மாத்திரையை எடுத்தவர்களிடம், எடுக்காதவர்களைவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக இருந்தது.

பூச்சியைப் பற்றியும் சொல்லவேண்டும். செடியால் ஓட முடியாது, தன்னைத் தின்ன வருவதை வேதிப்பொருளால்தான் தடுக்கிறது. அந்தப் பொருளுக்கு மனிதர் என்ற தயவெல்லாம் தெரியாது. ஆடுதீண்டாப்பாளை என்ற பெயரையே பாருங்கள். ஆடு வாய்வைக்காத செடி என்று நம் முன்னோர் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அந்த இனச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்கான மூலிகை மாத்திரையில் ஒரு செடிக்குப் பதில் இந்த இனம் கலந்துவிட்டது. பலர் சிறுநீரகத்தை இழந்தார்கள். பூச்சிக்கு எதிராகப் பேர்பெற்ற வேப்பெண்ணெயைக் குடிக்கக் கொடுத்ததால் வலிப்பும் மயக்கமும் வந்த கைக்குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு.

தடவுவதற்கு மட்டும்தானே என்பீர்கள். அதிலும் கவனம் வேண்டும். முன்கை முழுக்கச் சிவந்து தடித்த நிலையில் ஒரு பெண் என்னிடம் வந்தார். அவர் தடவிய வாசனை எண்ணெயின் குப்பி பாதி காலியாகி, ஓராண்டாக ஜன்னலோரம் வெயிலில் இருந்திருக்கிறது. லிமோனீன் போன்ற மணப்பொருள்கள் காற்றுபட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்தால், தோல் ஒவ்வாமையைத் தூண்டும் பெராக்சைடுகளாக மாறும். தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவைத்தேன். குப்பி கருநிறமாக இருக்கட்டும், குளிர்ந்த இடத்தில் இருக்கட்டும். வேறு எண்ணெயில் கலந்து செறிவைக் குறைக்காத வாசனை எண்ணெயைத் தோலில் விடாதீர்கள். முதலில் முழங்கை மடிப்பில் சிறு இடத்தில் ஒரு வாரம் தடவிப் பாருங்கள்.

இன்னொன்று, பெயர் ஒற்றுமை. எலுமிச்சை மண யூகலிப்டஸிலிருந்து பிரித்துச் செறிவூட்டிய பிஎம்டி என்ற பொருள் மெதுவாக ஆவியாவதால் கொசுவைப் பல மணி நேரம் தள்ளிவைக்கும். அதே மரத்தின் சாதாரண வாசனை எண்ணெயில் பிஎம்டி மிகக் குறைவு, அந்த எண்ணெய் சீக்கிரம் பறந்துவிடும். லேபிளைப் படித்துத்தான் வேறுபடுத்த முடியும். பிஎம்டியையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தடவக்கூடாது.

கஷாயம் கொண்டுவந்தவரிடம் பூவோடு ஒரு கிளை கேட்டிருந்தேன். அடுத்த வாரம் செய்தித்தாளில் மடித்துக் கொண்டுவந்தார். ஐந்து சிற்றிலைகள், அடிப்புறம் சாம்பல் வெண்மை, நீலம் கலந்த ஊதாப் பூ. நொச்சியேதான். இந்த முறை மணம் பறந்துபோகாமல் எண்ணெயாகப் பிடிக்க, புதிதாகப் பறித்திருந்த இலையை மூடிய கலத்தில் நீராவி வடிப்புக்கு ஏற்றினோம்.