“எந்த ஃபார்முலா மேடம்?” – இராமநாதபுரம் கடற்கரையில் இயற்பியல் படிப்பவர்களுக்கு

பாம்பன் பக்கத்திலிருந்து கல்லூரிக்கு வரும் ஒரு மாணவி, ஒளியியல் வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மேசையருகே வந்து நின்றாள். அவளுடைய அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைப் பிய்த்தெடுக்கும் வேலை.

“மேடம், அம்மாவோட கண்ணாடியில பவரே கிடையாது. வெறும் கண்ணாடிதான். அதப் போடாம முங்குனா எல்லாம் மங்கலாத் தெரியுது. போட்டா பளிச்சுன்னு தெரியுது. பவர் இல்லாத கண்ணாடி எப்படி மேடம் பார்வையைச் சரி பண்ணும்?”

17 ஆண்டுகளாக ஒளியியல் நடத்துகிறேன். இவ்வளவு நல்ல கேள்வி எந்தத் தேர்வுத் தாளிலும் வந்து நான் பார்த்ததில்லை. பதில் சொல்லாமல் சாக்பீஸை அவள் கையில் கொடுத்தேன். கண்ணின் படத்தை அழகாக வரைந்தாள். வரைந்து முடித்ததும் திரும்பிக் கேட்டாள்: “எந்த ஃபார்முலா மேடம் போடணும்?”

எங்கள் பிள்ளைகளிடமிருந்து நான் அதிகம் கேட்டிருக்கும் கேள்வி இதுதான். கணக்கில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே ஃபார்முலாவைத் தேடுகிறார்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

“ஃபார்முலாவை விடும்மா. ஒளி எதிலிருந்து எதுக்குள்ள போகுது, அதச் சொல்லு” என்றேன். காற்றிலிருந்து கார்னியாவுக்குள், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிந்த படலத்துக்குள். முங்கிய பிறகு? நீரிலிருந்து கார்னியாவுக்குள். அங்கேயே அவள் முகம் மாறியது. மீதியை அவளே போட்டாள். ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண், கார்னியாவுக்கு ஏறக்குறைய 1.376. அதன் முன்பரப்பின் வளைவு ஆரம் 7.8 மில்லிமீட்டர். இரண்டு ஊடகங்களின் ஒளிவிலகல் எண்களுக்கு உள்ள வித்தியாசத்தை, மீட்டரில் எழுதிய ஆரத்தால் வகுத்தால் அந்தப் பரப்பின் திறன், அதாவது ஒளியைக் குவிக்கும் வலிமை, டயாப்டர் என்ற அலகில் கிடைக்கும். காற்றின் எண் 1 என்பதால் வித்தியாசம் 0.376, திறன் சுமார் 48 டயாப்டர். நீரின் ஒளிவிலகல் எண் 1.333 என்பதால் அங்கே வித்தியாசம் வெறும் 0.043, திறன் ஐந்தரை டயாப்டர். முழுக் கண்ணின் திறனே 60 டயாப்டர் அளவில்தான். தண்ணீருக்குள் போனதும் அதில் பெரும்பகுதி காணாமல் போகிறது. முகக்கண்ணாடி பார்வையைத் திருத்துவதே இல்லை. கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் காற்று போதும், 48 டயாப்டரும் திரும்பி வந்துவிடும்.

அத்தோடு அவள் நிற்கவில்லை. “அப்ப மீனுக்கு எப்படி மேடம் தெரியுது?” என்றாள். மீன் தலைக் குழம்பு சாப்பிடும்போது கண்ணிலிருந்து வெள்ளையாக, மணி மாதிரி ஓர் உருண்டை வருமே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அதுதான் மீனின் கண் லென்ஸ். கார்னியா கைகொடுக்காத இடத்தில் எல்லா வேலையையும் லென்ஸே பார்க்க வேண்டியிருப்பதால் அது முழு உருண்டையாக இருக்கிறது. நம் கண் லென்ஸ் தட்டையானது. சின்ன வயதிலிருந்து அந்த உருண்டையைத் துப்பிப் போட்ட பிள்ளை, அதில் இயற்பியல் இருந்தது அன்றுதான் தெரிந்தது என்றாள்.

கருத்தைப் பயன்படுத்துவது எப்படி என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. முதலில் பொருளைப் பாருங்கள். எது மாறுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று உங்கள் வாயால், தமிழில், சொல்லிப் பாருங்கள். ஃபார்முலா கடைசியில் வரட்டும்.

விடை வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. ஒலியை அனுப்பிக் கடலின் ஆழத்தை அளக்கும், படகில் உள்ள எக்கோ சவுண்டரை வைத்து ஒருமுறை கணக்குக் கொடுத்தேன். ஒலி கீழே போய்த் தரையில் பட்டுத் திரும்ப 20 மில்லிவினாடி. கடல்நீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,500 மீட்டர். ஆழம் என்ன? பாதி வகுப்பு 30 மீட்டர் என்று எழுதியது. தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன், அவனும் 30 என்றுதான் எழுதியிருந்தான், திடீரென்று பேனாவை வைத்துவிட்டுச் சொன்னான்: “எங்க கடல்ல ஏது மேடம் 30 மீட்டர்? பதினாறு பாகம்ல வருது! எட்டு ஒம்பது பாகம்தான் இருக்கும்.” இரண்டு கையையும் விரித்த அளவு ஒரு பாகம், சுமார் ஆறடி. ஒலி போய்த் திரும்பும் தூரத்தை இரண்டால் வகுக்க மறந்திருந்தான். வகுத்தால் 15 மீட்டர், எட்டுப் பாகத்துக்குக் கொஞ்சம் மேல். பாக் நீரிணை ஆழமற்ற கடல் என்பது அவன் அப்பாவோடு வலை இழுத்துத் தெரிந்துகொண்டது. அந்த அறிவுதான் கணக்கைத் திருத்தியது.

இது தேர்வுக்கும் வேண்டும். எம்.எஸ்சி. சேர்க்கைக்காக ஐஐடிகள் நடத்தும் ஜாம் நுழைவுத்தேர்வில் 60 கேள்விகள், 100 மதிப்பெண்கள், 3 மணி நேரம். அவற்றில் 20 கேள்விகளுக்கு விடைத் தெரிவுகளே கிடையாது; எண்ணைக் கணக்கிட்டு நீங்களே நிரப்ப வேண்டும். அதற்கு 30 மதிப்பெண்கள். தப்பான விடைக்கு அங்கே மதிப்பெண் குறையாது. ஆனால் நான்கு விடைகளைப் பார்த்து ‘இதுவாக இருக்கும்’ என்று ஊகிக்கவும் வழியில்லை. வந்த எண் நம்புகிற மாதிரி இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பகுதி வரம்.

தாள் ஆங்கிலத்தில் மட்டும்தான். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இதனாலேயே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிறார்கள், அது என்னை மிகவும் வருத்துகிறது. பழைய தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தினம் இரண்டு கேள்விகளை எடுத்து, கேள்வியைத் தமிழில் பக்கத்துத் தோழிக்குச் சொல்லுங்கள், படம் போடுங்கள், பிறகு கணக்கில் இறங்குங்கள். திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்கள் சில நூறுதான். ஒரு பருவத்துக்குள் பழகிவிடும். தமிழில் யோசிப்பதை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி விண்ணப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் ஜாம் தேர்வில் நல்ல இடம் பெற்றான். ஓபிசி பிரிவில் ஒரு நல்ல நிறுவனத்தில் எம்.எஸ்சி. இடம் கிடைக்கும் நிலை. சான்றிதழ் சரிபார்ப்பில் அவன் கொடுத்தது, பள்ளியில் வாங்கிய நம் மாநிலச் சாதிச் சான்றிதழ். அது அங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதிபடைத்த பிரிவைச் சேராதவர் என்று குறிப்பிட்ட ஓபிசி சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். கெடு முடிவதற்குள் அவனால் வாங்க முடியவில்லை. பொதுப்பிரிவுக்கு மாற்றினார்கள், இடம் போயிற்று. இந்த இரண்டு சான்றிதழ்களும் வேறு என்பது எனக்கு முன்பே தெரியும். வகுப்பில் ஒருமுறை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அதனால்தான் இப்போது ஒவ்வோர் ஆண்டும் முதல் வாரத்திலேயே சொல்கிறேன், இங்கும் எழுதுகிறேன்.

எனவே பிசி, எம்பிசி பிள்ளைகளே, உங்கள் சமூகம் மத்திய அரசின் ஓபிசி பட்டியலில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். இந்தச் சான்றிதழ் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பது என்பதால் பழையதை வைத்துக்கொண்டு காலம் தள்ள முடியாது. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது வேண்டும் என்று அந்தந்த ஆண்டு அறிவிப்பில் இருக்கும்.

அடுத்தது பெயர். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. விண்ணப்பப் படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும்போது நம் பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஒத்தபடி இரண்டாம் ஆண்டிலேயே திருத்திக்கொள்ளுங்கள்.

தேதிகள். ஜாம் தேர்வு பிப்ரவரியில். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில். மூன்றாம் ஆண்டு ஐந்தாம் பருவத்துக்குள் அது வந்து போய்விடும். “ரிசல்ட் வந்ததும் பாக்கலாம்” என்று இருந்தால் ஓராண்டு போயிற்று. பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணம் ஏறக்குறைய பாதி. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், புதுவைப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு க்யூட் என்ற முதுநிலைப் பொது நுழைவுத்தேர்வு. அதற்கு டிசம்பர், ஜனவரி வாக்கில் விண்ணப்பம். நேரே ஆராய்ச்சிப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஜெஸ்ட் தேர்வு. சென்னை தரமணியில் இருக்கும் கணித அறிவியல் நிறுவனம் அதன் வழியாகவும் மாணவர்களை எடுக்கிறது. பிளஸ் டூவில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத்தேர்வு இருக்கிறது. 60 கேள்விகள், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்குக்கும் தலா 15. தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு நகரும் என்பதால் வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாமல் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள்.

வீட்டில் கேட்கும் கேள்வியையும் ஒதுக்க முடியாது: “பிசிக்ஸ் படிச்சா பி.எட். முடிச்சு டீச்சராத்தானே போகணும்?” ஆசிரியர் வேலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வழி அது ஒன்று மட்டும் இல்லை. எங்கே மீன் கிடைக்கும் என்று மீனவர்களுக்கு வரும் அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற தேசியக் கடல் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் அளக்கும் கடல்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் வைத்து அதைத் தயாரிக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கடலியல் முதுநிலை படிக்கலாம். கடலைத் தெரிந்த பிள்ளைகள் இயற்பியலையும் படித்துக்கொண்டு அங்கே போக வேண்டும் என்பது என் ஆசை.

கலாம் ஐயாவின் பெயரை எங்கள் மாணவர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எழுதுகிறார்கள். அவர் இதே ஊர்ப் பிள்ளை, எழுதட்டும். ஆனால் அவர் வாழ்க்கையில் நமக்கு நேராக உதவும் பகுதியை யாரும் எழுதுவதில்லை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் முடித்த பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று தெரிந்துகொண்டு, சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியலுக்கு விண்ணப்பித்தார். இடம் கிடைத்தது, கட்டப் பணம் இல்லை. அவருடைய சகோதரி தன் நகையை அடகு வைத்துக் கொடுத்தார். பட்டம் வாங்கிய பிறகும் பாதையை மாற்றலாமா, செலவுக்கு என்ன செய்வது என்று நீங்கள் இன்று கேட்கும் இரண்டு கேள்விகளும் அந்த வீட்டிலும் இருந்தவை.

முன்னே சொன்ன மாணவிக்கு வருவோம். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி உதவித்திட்டம் ஒன்று நடத்துகின்றன. தேர்வானால் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியோடு இருந்து வேலை பார்க்கலாம், உதவித்தொகையும் உண்டு. அதற்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். ஏன் வர விரும்புகிறாய் என்ற குறிப்பை எழுதி எடுத்து வந்தாள். ‘சிறுவயது முதலே பிரபஞ்சத்தின் இரகசியங்கள் என்னை ஈர்த்தன’ என்று தொடங்கியது. இணையத்தில் கிடைத்ததாம். அதே வரியை அந்த வாரம் வேறு இரண்டு பேரும் எடுத்து வந்திருந்தார்கள்.

“உன் அம்மா கண்ணாடியப் பத்தி எழுதும்மா” என்றேன். “அதெல்லாம் எழுதலாமா மேடம்?” என்று தயங்கினாள். அதைத்தான் எழுத வேண்டும். என்ன பார்த்தாய், என்ன கேட்டாய், எப்படிக் கணக்குப் போட்டாய், எது இன்னும் புரியவில்லை: படிக்கிறவருக்கு வேண்டியது இந்த நான்கும்தான். பரிந்துரைக் கடிதம் கேட்கிறவர்களுக்கும் இதையே சொல்வேன். கடைசி நாள் இரவு போன் செய்யாதீர்கள். இரண்டு வாரம் முன்னால், நீங்கள் செய்ததை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரை மட்டும் மாற்றிப் போட்ட கடிதத்தை எந்த ஆசிரியரும் தரும்படி விடாதீர்கள்.

விண்ணப்பம் அனுப்பும் அன்று அவள் அம்மாவும் எங்கள் இயற்பியல் துறைக்கு வந்திருந்தார். மகள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள். கண்ணாடி, காற்று, 48 டயாப்டர் எல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எல்லாஞ் சரிதான் டீச்சர். கண்ணாடி ஓரம் விட்டுப்போயி தண்ணி உள்ள வந்துட்டா அம்புட்டுத்தான், கண்ணு தண்ணிக்குள்ள நின்னுட்டா ஒண்ணும் தெரியாது. அதையும் எழுதச் சொல்லுங்க.”

கணக்கைச் சரிபார்க்கும் சோதனையே அதுதான். அந்த வரியைச் சேர்த்து, மாலை நான்கு மணிக்கு அனுப்பினோம்.