கல்லூரி லேப்டாப்புக்கு விண்டோஸா, லினக்ஸா, மேக்கா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால் அடுத்தது லேப்டாப் பட்டிமன்றம்தான். ஒவ்வொரு அணிக்கும் பேச ஒரு சித்தப்பா பையன் எங்கிருந்தாவது கிளம்பி வருவான். எது வேகம், எது அழகு, எதில் வைரஸ் வராது என்று பேச்சு நீளும். உங்கள் துறை லேபில் என்ன மென்பொருள் ஓடுகிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பி.காம் மாணவருக்கு டேலி என்ற கணக்கு மென்பொருள் வேண்டும், அது விண்டோஸுக்கானது. வரைபடம் போட மெக்கானிக்கலில் சாலிட்வொர்க்ஸ், சிவிலில் ரெவிட், இரண்டும் அப்படித்தான். ஃபைனல் கட் புரோவில் எடிட்டிங் பழக வேண்டுமானால் மேக்கை விட்டால் வழியில்லை.

விண்டோஸ் லேப்டாப், லினக்ஸ் லேப்டாப் இரண்டிலும் ஒரே இன்டெல் சிப் இருக்கும்போது, ஒன்றில் ஓடும் மென்பொருள் மற்றொன்றில் ஏன் ஓட மறுக்கிறது?

சிப்பைப் பொறுத்தவரை எந்தச் சிக்கலும் இல்லை. 'இந்த இரு எண்களைக் கூட்டு', 'ஒப்பிடு', 'அந்த இடத்துக்குத் தாவு' போன்ற கட்டளைகள் விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒன்றேதான். ஆனால் ஒரு மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஹார்ட் டிஸ்க்கையோ திரையையோ தொட முடியாது. அந்த அதிகாரம் விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு மட்டுமே உண்டு. மீறினால் சிப்பே தடுத்துவிடும். எனவே ஃபைலில் ஒரு வரி எழுத வேண்டுமென்றாலும் கெர்னலிடம் கேட்டாக வேண்டும். இதற்குப் பெயர் சிஸ்டம் கால். தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பது மாதிரிதான்: எந்த ஜன்னல், எந்தப் படிவம் என்பது ஆபீஸுக்கு ஆபீஸ் மாறும்.

சி மொழியில், திரையில் எழுத்தைக் காட்டச் சொல்லும் ஒரு பிரிண்ட்எஃப் வரி எழுதுகிறீர்கள். 64 பிட் லினக்ஸில் அது கடைசியில் என்ன ஆகிறது தெரியுமா? சிப்புக்குள் உள்ள குட்டி சேமிப்பிடமான ஒரு ரெஜிஸ்டரில் 1 என்ற எண் வைக்கப்படும்; 'எழுது' என்பதற்கான எண் அது. எங்கே எழுதுவது, எழுத்துகள் நினைவகத்தில் எங்கே உள்ளன, எத்தனை பைட் என்பவை அடுத்தடுத்த ரெஜிஸ்டர்களில் போகும். பிறகு கட்டுப்பாடு கெர்னல் கைக்குப் போய்விடும். விண்டோஸில் இந்த எண்கள் வேறு. பதிப்புக்குப் பதிப்பு மாறவும் செய்யும். அதனால் அங்கே மென்பொருள்கள் நேரே கெர்னலிடம் போகாமல், மைக்ரோசாஃப்ட் தரும் டிஎல்எல் என்ற பொது நிரல் ஃபைல்கள் வழியாகவே கேட்கும். லினக்ஸில் அந்த டிஎல்எல்கள் கிடையாது.

உண்மையில் விஷயம் அதுவரைகூடப் போகாது. விண்டோஸ் மென்பொருள் எதுவானாலும் அதன் எக்ஸி ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பையாகத் தெரியும் எழுத்துகளுக்கு முன்னால், முதல் இரண்டு எழுத்துகள் மட்டும் ஆங்கில எம், இசட் என்று தெளிவாக இருக்கும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தில் இந்த ஃபைல் வடிவத்தை அமைத்த மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் இனிஷியல் அது. இன்றும் ஒவ்வொரு எக்ஸியிலும் அவர் கையெழுத்து இருக்கிறது! லினக்ஸ் மென்பொருளின் தொடக்கத்தில் இ, எல், எஃப் என்ற எழுத்துகள் வரும். மேக்குக்கு இன்னொரு வடிவம். தொடக்கத்தைப் பார்த்தே 'இது நம்ம ஃபைல் இல்லை' என்று இயங்குதளம் திருப்பி அனுப்பிவிடும்.

சுற்றுவழிகள் இல்லாமல் இல்லை. 1993-இல் தொடங்கிய ஒயின் என்ற திட்டம், விண்டோஸ் டிஎல்எல்கள் செய்யும் வேலைகளை லினக்ஸுக்காகத் திரும்ப எழுதி வைத்திருக்கிறது. சின்ன மென்பொருள்கள் அதில் நன்றாகவே ஓடும். கெர்னலுக்குள் தன் சொந்த டிரைவரை (கருவிகளை இயக்கும் துணை நிரல்) நுழைக்கும் ரகம் ஓடாது. கேமராவை ஆன் செய்து கண்காணிக்கும் சில தேர்வு மென்பொருள்களும் லினக்ஸைக் கண்டால் கதவைச் சாத்திவிடும். பிளேஸ்மென்ட் தேர்வன்று காலையில் இது தெரியவந்தால் அழுகைதான் வரும்.

எதிர்த்திசையில் வழி இன்னும் சுலபம். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2016-இல் வந்தது. முதலில் அது சிஸ்டம் கால்களை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. 2019-இல் அறிமுகமான இரண்டாம் பதிப்பு அசல் லினக்ஸ் கெர்னலையே உள்ளே ஓட்டுகிறது. எந்தத் துறை மென்பொருள் வேண்டியிருக்கும் என்று இன்னும் தெரியாத முதலாமாண்டு மாணவருக்கு விண்டோஸும் இதுவும் போதும் என்பது என் கட்சி.

டர்போ சி கதையைச் சொல்லாமல் விட முடியாது. நீலத் திரையில் சி கற்றுத்தரும் கல்லூரிகள் நம் பக்கம் இன்னும் இருக்கின்றன. சி நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் டர்போ சி, 16 பிட் டாஸ் மென்பொருள். 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டவே ஓட்டாது. எனவே டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள், ஒரு பழைய கம்ப்யூட்டரையே சிப் முதல் திரை வரை போலியாக நடித்துக் காட்டுகிறது. டாஸ்பாக்ஸ் லினக்ஸிலும் மேக்கிலும் உண்டு என்பதால் இதற்காக விண்டோஸ் வாங்க வேண்டியதில்லை. ஆனால் டர்போ சி-யில் பழகிய, திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் வரியை லினக்ஸில் வழக்கமான ஜிசிசி கம்பைலரில் போட்டால் எர்ரர்தான்.

மேக்கில் 2020 முதல் சிப்பே வேறு. ஆப்பிளின் எம் வரிசைச் சிப்புகளின் கட்டளைகளே இன்டெலிலிருந்து மாறுபட்டவை. இன்டெலுக்காக எழுதிய பழைய மேக் மென்பொருள்களை ஆப்பிளின் ரொசெட்டா மொழிபெயர்த்து ஓட்டிவிடும். ஆனால் இன்டெல் மேக்கில் விண்டோஸைத் தனியாகப் போட உதவிய பூட் கேம்ப் இவற்றில் கிடையாது. கோடிங் மட்டும் என்றால் அருமையான மெஷின்; மெக்கானிக்கல் மாணவருக்கு அவ்வளவு பணம் கொட்டி வாங்கித் தருவது வீண்.

வீட்டில் அண்ணன் பயன்படுத்திய பழைய லேப்டாப் இருக்கிறதா? விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் ஓரளவு புதிய சிப்பும் கேட்கும். கணினி அறிவியல் படிப்பவர் அந்தப் பழைய மெஷினில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம்.

விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் ஒரே லேப்டாப்பில் வைப்பதாக இருந்தால், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் பிட்லாக்கரின் ரிகவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் தொடங்கும் பூட் அமைப்பை மாற்றிய பின் விண்டோஸ் அந்தக் கீயைக் கேட்டு நிற்கக்கூடும். இன்னொன்று: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்ததும் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டினால் பேட்டரியைச் சந்தேகிக்காதீர்கள். மதர்போர்டு கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.