வேளாண் பூங்காவுக்கு வயலில் சாலையா? குறுக்குவெட்டுப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்

வேளாண் பூங்கா, அதாவது விளைபொருளைச் சேர்த்துப் பதப்படுத்தி அனுப்பும் வளாகம், வருகிறதென்றால் வயல்வழியே சாலையும் வரும். அதற்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில் சுவரில் மாட்டியிருப்பது பெரும்பாலும் மேலிருந்து பார்த்த வரைபடம்தான். வயல்களுக்கு நடுவே மெல்லிய கோடு ஓடும், பக்கத்தில் '7 மீட்டர்' என்று எழுதியிருக்கும். ஏழு மீட்டர்தானே என்று ஊரும் தலையாட்டிவிடும். எவ்வளவு நிலம் போகிறது என்பது அந்தப் படத்தில் தெரியாது. அதற்குக் குறுக்குவெட்டுப் படம் வேண்டும்: சாலையை அகலவாட்டில் அறுத்துப் பார்ப்பதுபோல் உயரமும் சரிவும் காட்டும் படம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி ஓடும் தளம் 7 மீட்டர், இருபுறமும் மண் ஓரம் ஒன்றரை மீட்டர், ஆக மேல் அகலம் 10 மீட்டர். வயல் மட்டத்துக்கு மேல் 1.5 மீட்டர் மண் கொட்டி உயர்த்தினால், 1:2 சரிவுக்கு (ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம்) பக்கத்துக்கு 3 மீட்டர் வேண்டும். கரையின் அடிப்பக்க அகலம் 16 மீட்டர் ஆகிவிடும். இரண்டு பக்கமும் ஒன்றரை மீட்டர் வடிகால் வெட்டினால் 19 மீட்டர். கிலோமீட்டருக்கு 1.9 ஹெக்டேர், அதாவது சுமார் 4.7 ஏக்கர். உயரத்தில் அரை மீட்டரைக் குறைத்தாலே அகலத்தில் 2 மீட்டர் மிச்சம். பூங்காவுக்குள் காய்கறி ஏற்றும் வண்டிக்கு இருவழிச் சாலை எதற்கு என்பதையும் கேட்க வேண்டும். 3.5 மீட்டர் ஒருவழித் தளமும், எதிர்வண்டிக்கு ஒதுங்க ஆங்காங்கே இடமும் பல இடங்களில் போதும்.

நிலம் போவதை எல்லோரும் பேசுகிறார்கள். தண்ணீர் மறிபடுவதைச் சாலை போட்ட பிறகுதான் பேசுகிறார்கள். மழைநீர் வாய்க்காலில் மட்டும் ஓடுவதில்லை. வரப்பு தாண்டி, மடை தாண்டி வயல்வெளி முழுக்கப் பரவி வடிகிறது. சாலைக்கரை அதற்குக் குறுக்கே எழுப்பிய அணை. மேட்டுப் பக்கம் பயிர் அழுகும், பள்ளப் பக்கம் பாசனம் வராது. ஒரே சாலையால் வெள்ளமும் வறட்சியும்!

தண்ணீர் போகச் சாலைக்கு அடியில் குழாய் வைக்கிறோமே என்பார்கள். எத்தனை, எங்கே, எந்த மட்டத்தில் என்று கேளுங்கள். குழாயின் அடிமட்டம் வாய்க்கால் தரையைவிட ஒரு சாண் உயர்ந்திருந்தால் அந்த ஒரு சாண் தண்ணீர் மேட்டுப் பக்கமே நிற்கும். 300 மி.மீ. விட்டமுள்ள குழாயில் வைக்கோலும் வண்டலும் சேர்ந்தால் அடைப்பெடுப்பது கடினம். 900 மி.மீ. இருந்தால் ஆள் தவழ்ந்து போய்த் தூர் வாரலாம். அதன் வாய்ப்பரப்பு 300 மி.மீ. குழாயைப்போல் ஒன்பது மடங்கு. மூன்று சின்னக் குழாய் வைத்து ஈடுகட்ட முடியாது. குழாயின் இடத்தை அலுவலக மேசையில் முடிவுசெய்தால் தப்பாகத்தான் போகும். நல்ல மழை பெய்யும்போது தண்ணீர் எங்கே வரப்பைத் தாண்டுகிறது என்று வயல்காரர் முளையடித்துக் காட்ட வேண்டும்.

அடுத்தது மேல்மண். கரை வரும் 16 மீட்டர் அகலத்தில் 20 செ.மீ. மேல்மண்ணை வழித்தால் கிலோமீட்டருக்கு 3,200 கன மீட்டர். அது யாருக்கு, எங்கே போகிறது என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். எழுதாவிட்டால் டிப்பரில் ஏறி விலைக்குப் போய்விடும். வயலுக்கே திரும்ப வேண்டுமானால் ஈரமில்லாத நாளில் எடுத்து, 2 மீட்டருக்கு மேல் குவிக்காமல், குவியல்மேல் வண்டி ஏற்றாமல் வைக்க வேண்டும்.

கடைசியாக, படத்தில் இல்லாத சாலை ஒன்று உண்டு: வேலை நடக்கும்போது டிப்பர் ஓட வயலில் போடும் தற்காலிகப் பாதை. ஈர மண்ணில் பாரவண்டி ஓடினால் ஏர்முனை எட்டாத ஆழத்திலும் மண் இறுகும். மேலே உழுது கொடுத்துவிட்டு 'சரிசெய்தாச்சு' என்று கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துக்கு முன் மண்ணை நனைத்து, ஒரு நாள் விட்டு, விரல் தடிமன் இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். பக்கத்து வயலில் முழங்கால் ஆழம் இறங்குவது இங்கே ஒரு சாணில் நின்றால், ஆழ உழவுக்கலப்பை போட்டு இறுக்கத்தை உடைக்கும் செலவு ஒப்பந்தக்காரருடையது. இந்தச் சோதனையை வேலை தொடங்குமுன்பும் செய்து, அளவைத் தேதியோடு எழுதி இருதரப்பும் கையெழுத்திட்டு வைத்திருந்தால்தான் பிறகு கேட்க முடியும்.