அந்தக் கடிதத்தில் இருந்தது கட்டணம் அல்ல, சம்பளம்

போன மாதம் ஒரு தகப்பனார் தன் மகளையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் காணி உறுதி. “மகளுக்கு வான்வெளிப் பொறியியலில் கலாநிதிப் படிப்புக்கு அமெரிக்காவில் இடம் கிடைத்தது, மிஸ். அவ்வளவு காசுக்கு எங்களுக்கு வழியில்லை, வேண்டாம் என்று எழுதிவிட்டோம். இந்தக் காணியை விற்றால் வருகிற காசுக்குள் அடங்குகிற மாதிரி மலிவான இடம் ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டார்.

கடிதத்தைக் காட்டச் சொன்னேன். பிள்ளை தொலைபேசியில் திறந்து நீட்டினாள். நடுவில் ஒரு சிறிய அட்டவணை: கல்விக் கட்டணம், மருத்துவக் காப்புறுதி, ஆண்டு உதவித்தொகை, மொத்தம். அதற்குக் கீழே, இவை அனைத்தையும் பல்கலைக்கழகமே பொறுப்பேற்கும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, மொத்தத்தை மட்டும் ரூபாயாக மாற்றிப் பார்த்து வீடே பதறியிருக்கிறது. கனடாவில் இருக்கும் மாமா, தன் மகனின் இளமாணிப் படிப்புக்குத் தான் கட்டிய காசை நினைத்து, “இப்படித்தான் உரிப்பார்கள்” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார். அவர்கள் கட்ட வேண்டும் என்று பயந்த தொகையில் ஒரு பெரும் பங்கு, மாதாமாதம் அந்தப் பிள்ளையின் கைக்கு வரவேண்டிய சம்பளம்.

“உனக்கு விளங்கவில்லையா?” என்று அவளிடம் கேட்டேன். “விளங்கியது, மிஸ். சொன்னேன். மாமா பொய்யா சொல்லப் போகிறார் என்று கேட்டார்கள்” என்றாள். முதல் வகுப்பில் சித்தியடைந்த பொறியியலாளர் அவள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல இப்படியான அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தருகின்றன. இவர்கள் மார்ச்சிலேயே மறுத்துவிட்டு மே மாதத்தில் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இரண்டு ஆண்டுகளில் இது மூன்றாவது குடும்பம். ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கோபத்தை மாற்றவில்லை.

ஒன்றை மட்டும் எத்தனை தரம் கேட்டாலும் சலிக்காமல் சொல்வேன்: பொறியியலில் கலாநிதிப் படிப்பு என்பது காசு கட்டிப் போய் வகுப்பில் உட்காருவது அல்ல, அது ஒரு வேலை. ஒரு பேராசிரியருக்கு அரசிடமிருந்தோ விமானம் செய்யும் கம்பனியிடமிருந்தோ ஆய்வு நிதி கிடைக்கிறது. அந்த ஆய்வைச் செய்ய, காற்றை வேகமாகச் செலுத்திச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் மாதிரியைப் பொருத்தி இரவிரவாக அளவெடுக்க, கணினிக் குறிமுறை எழுதி அது ஏன் பிழைக்கிறது என்று மூன்று மாதம் மண்டையை உடைக்க அவருக்கு ஆள் வேண்டும். கலாநிதி மாணவி அந்த ஆள்தான். மேசனிடம் கையாளாக நிற்பவனுக்கு நாட்கூலி உண்டு. தொழில் பழகுகிறான் என்பதற்காக அவன் மேசனுக்குக் காசு கொடுப்பதில்லை. இங்கேயும் அதே கணக்குத்தான். யாரும் இரக்கப்பட்டுத் தருகிற பிச்சை அல்ல அது.

அமெரிக்காவில் ஆய்வு உதவியாளர் அல்லது கற்பித்தல் உதவியாளர் என்று பெயர் வைத்து, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் தருவார்கள். நெதர்லாந்திலும் சுவீடனிலும் பெரும்பாலும் நேரடியாக வேலை ஒப்பந்தமே எழுதிச் சம்பளத்தில் வரியும் பிடிப்பார்கள். பிரித்தானியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் புலமைப்பரிசில் வழியாக வரும். குழப்பம் எங்கே தொடங்குகிறது என்றால், முதுமாணிப் படிப்புக்குப் பெரும்பாலும் காசு கட்டத்தான் வேண்டும். முகவர்கள் விற்பதும் அதைத்தான். நான்கு ஆண்டு பொறியியல் பட்டம் இருந்தால், முதுமாணி இல்லாமலே அமெரிக்காவில் கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம் என்பதை ஒரு முகவரும் சொல்ல மாட்டார். சொன்னால் அவருடைய கடையில் யார் ஏறுவார்கள்? ஐரோப்பாவில் மட்டும் பெரும்பாலான இடங்களில் முதுமாணி கேட்பார்கள். நிதி இல்லாத கலாநிதி அழைப்புகளும் வருவதுண்டு. அவற்றுக்கு நன்றி சொல்லி ஒதுங்கிவிடுங்கள். உறுதியைக் கொண்டு வங்கிக்கு ஓடாதீர்கள்.

உதவித்தொகையை வைத்து வசதியாக வாழலாம் என்று நான் ஆசை காட்டவில்லை. சமைத்துச் சாப்பிட்டு, இன்னொருத்தியோடு வீட்டைப் பகிர்ந்தால் சமாளிக்கலாம். தம்பியின் படிப்புச் செலவுக்கும் தங்கையின் சீதனத்துக்கும் அனுப்பச் சொல்லி முதல் மாதமே நெருக்காதீர்கள், தயவு செய்து.

“வான்வெளிப் பொறியியல் படித்தால் விமானம் ஓட்டலாமா?” இல்லை. அதற்கு விமானி உரிமம் வேண்டும். “இங்கே யார் விமானம் செய்கிறார்கள், பிறகு எங்கே வேலை?” இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. என் சொந்தத் துறை, காற்று ஒரு பொருளை எப்படி அதிர வைக்கிறது என்பது. வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலன்று ஏறும் பட்டங்களில் விண் கூவுகிறதே, வில்லில் இழுத்துக் கட்டிய நாடா காற்றில் துடித்து எழுப்பும் அந்த ஓசைக்குள் இருக்கிற இயற்பியல்தான் என் பிழைப்பு. (பட்டத்தை நூலோடு பிணைக்கும் முச்சையைக் கட்ட அண்ணன்மார் என்னை விட்டதில்லை. வாலுக்குத் துணி கிழிப்பது மட்டுமே எனக்கு வாய்த்தது. அந்தக் கோபமும் இன்னும் ஆறவில்லை.) அதே துடிப்பு இறக்கையில் கட்டுமீறினால் விமானம் உடையும், காற்றாலையின் சுழலும் அலகில் கட்டுமீறினால் அலகு முறியும். மன்னாரில் ஒரே நிலையத்தில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். பளைப் பக்கமும் சுழல்கின்றன. படித்தது வீண் போகாது. போர்க்காலத்தில் குண்டு போட வந்த விமானங்களைச் சகடை என்றும் பொம்மர் என்றும் சத்தத்தை வைத்தே இனம் பிரித்துப் பதுங்கு குழிக்குள் ஓடிய தலைமுறை நாங்கள். இன்றைய பிள்ளைகள் பலாலியில் இறங்கும் விமானத்தை அண்ணாந்து பார்த்து ரசிக்கிறார்கள். பார்க்கட்டும்.

அடுத்தது வயது. 24, 25 இல் பட்டம், பிறகு கலாநிதிக்கு ஐந்தாறு ஆண்டுகள், அதன் பின் ஓரிரண்டு ஆண்டுகள் ஆய்வுப் பதவி, அதற்குப் பிறகுதான் விரிவுரையாளர் கதிரை. “முப்பது தாண்டிவிடுமே” என்கிறார்கள். தாண்டும், ஆண் பிள்ளைக்கும் தாண்டும். அவனிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இந்தத் துறையில் பெண்ணுக்குத் தடை வயதால் வந்ததில்லை. இர்ம்கார்ட் ஃப்ளூகே-லோட்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் 1929 இல் ஹனோவரில் கலாநிதிப் பட்டம் பெற்று, கோட்டிங்கனில் பிராண்டில் என்ற பெரும் மேதையிடம் வேலைக்குச் சேர்ந்தார். இறக்கையின் நீளவாக்கில் தூக்குவிசை எப்படிப் பரவுகிறது என்று கணக்கிட 1931 இல் ஒரு வழி கண்டார். லோட்ஸ் முறை என்று அவர் பெயரிலேயே அது வழங்கியது. 1948 இல் கணவரோடு அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்கு வந்தபோது, கணவனும் மனைவியும் ஒரே துறையில் பேராசிரியர்களாக இருக்கக் கூடாது என்றது விதி. கணவர் பேராசிரியர், இவர் விரிவுரையாளர். கலாநிதி மாணவர்களை வழிநடத்தினார், புதிய பாடங்களைத் தொடங்கினார், பேராசிரியர் செய்யும் அத்தனையும் செய்தார், பதவி மட்டும் இல்லை. 1960 இல்தான் அது கிடைத்தது. ஸ்டான்ஃபோர்டில் பொறியியலில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர். அந்த விதி இன்று இல்லை. ஆனால் இருவருக்கும் ஒரே ஊரில் வேலை தேடும் தலையிடி அப்படியே இருக்கிறது. ஆகவே சம்பந்தம் பேசும்போது சாதகத்தோடு இதையும் பாருங்கள்: அவளுக்கு வேலை கிடைக்கும் ஊருக்கு மாப்பிள்ளை வருவாரா? தோஷத்துக்குப் பரிகாரம் உண்டு. இதற்கு இல்லை.

அமெரிக்கா என்றதும் எல்லோரும் நாசா என்கிறார்கள். அங்கே பாதுகாப்பு, விண்வெளி நிறுவனங்களின் வேலைகளில் மிகப் பல குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அப்படி. வெளியிடத்தக்க அடிப்படை ஆய்வுக்கு விலக்கு இருப்பதால், நம் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தின் கதவுதான் அகலமாகத் திறந்திருக்கிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனால் பிறகு அழ வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள். எந்த முகவராலும் கலாநிதி இடம் எடுத்துத் தர முடியாது. தேர்வு செய்வது பேராசிரியரும் துறையும்தான். அவருடைய கட்டுரைகளில் இரண்டையாவது வாசித்துவிட்டு அவருக்கு எழுதுங்கள். ஒரே கடிதத்தை எண்பது பேருக்கு அனுப்பாதீர்கள், அது பார்த்தவுடன் தெரியும். ‘டியர் சேர்’ என்று தொடங்காதீர்கள். எனக்கே அப்படி வருகிறது, எழுதுவதும் பெண் பிள்ளைகள்! விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்பதில் வெட்கம் வேண்டாம். பெறுபேற்றுப் பத்திரத்துக்குக் கடைசி வாரத்தில் ஓடாதீர்கள்.

இங்கே விரிவுரையாளராகச் சேர்ந்து கல்வி விடுமுறையில் போகிறவர்கள், திரும்பி வந்து பணியாற்றுவதாக எழுதிக் கொடுக்கும் பிணைப் பத்திரத்தை வரி வரியாக வாசித்த பிறகு கையெழுத்திடுங்கள். பிணை நிற்கும் சித்தப்பாவும் வாசிக்கட்டும். உயர்தரம் முடித்த கையோடு ‘விமானப் பொறியியல்’ என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்குக் காசு கட்டப் போகிறவர்கள், அது பராமரிப்பு உரிமத்துக்கான பயிற்சியா, பொறியியல் பட்டமா என்று எழுத்தில் கேளுங்கள். பராமரிப்பு மரியாதையான தொழில், நல்ல சம்பளமும் உண்டு. ஆனால் அந்த வழி விரிவுரை மண்டபத்துக்குப் போகாது.

அந்தப் பிள்ளை இந்த டிசம்பரில் மறுபடி விண்ணப்பிக்கிறாள். முன்பு அழைத்த பேராசிரியருக்கே நடந்ததை மறைக்காமல் எழுதச் சொன்னேன். அடுத்த ஆண்டு இடம் இருந்தால் பார்ப்பதாகப் பதில் வந்திருக்கிறது.

உங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு கடிதம் வந்தால், பதில் அனுப்புவதற்கு முன் ஆங்கிலத்தில் அட்டவணை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். என்னிடமே கொண்டு வரலாம், சனிக்கிழமை பின்னேரங்களில் வீட்டில் இருப்பேன். மாமாவையும் காணொளி அழைப்பில் சேருங்கள். உறுதியை மட்டும் அலுமாரியில் வைத்துவிட்டு வாருங்கள்.