ஜெனரலிசிமோ: சொல் விளக்கம்

ஒரு நாட்டின் படைகள் அனைத்துக்கும், சில வேளைகளில் கூட்டணிப் படைகளுக்கும் சேர்த்துத் தலைமை தாங்குபவருக்கு, பீல்டு மார்ஷல் பதவிக்கும் மேலாக வழங்கப்படும் பட்டம் ஜெனரலிசிமோ. இத்தாலிய மொழியின் 'ஜெனரலே' என்னும் சொல்லோடு, உச்ச அளவைக் காட்டும் 'இசிமோ' விகுதி சேர்ந்து இது பிறந்தது. 'ஜெனரலே'யின் வேர், 'அனைத்துக்கும் பொதுவான' எனப் பொருள்படும் லத்தீன் 'ஜெனராலிஸ்'.

ரஷ்யர் இதைக் 'கெனரலிசிமுஸ்' என்பர். 1727-இல் இப்பட்டம் பெற்ற ரஷ்யப் பிரபு மென்ஷிகோவ் அதே ஆண்டிலேயே அனைத்தையும் இழந்து நாடுகடத்தப்பட்டார். 1740-இல் ஆன்டன் உல்ரிக் இதைப் பெற்றதற்குக் கைக்குழந்தைப் பேரரசர் ஆறாம் இவானின் தந்தை என்பதே முதன்மையான தகுதி. பட்டத்துக்கு உண்மையான எடை சேர்த்தவர் ரஷ்யத் தளபதி அலெக்சாந்தர் சுவோரவ். 1790-இல் துருக்கியரின் இஸ்மாயில் கோட்டையையும், 1794-இல் வார்சாவின் பிராகா புறநகரையும் அவர் கைப்பற்றினார்; இரண்டு இடங்களிலும் பொதுமக்கள் பெருந்தொகையாக வெட்டி வீழ்த்தப்பட்டதை அவருடைய புகழ் பாடுவோர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பிரஷ்யப் பாணிப் பயிற்சியைப் படையில் புகுத்திய பேரரசர் பாவெலுடன் முரண்பட்டு, கொன்சான்ஸ்கொயே சிற்றூரில் ஒதுங்கியிருந்த சுவோரவை, ஆஸ்திரியாவின் வேண்டுகோளால் 1799-இல் மீண்டும் களத்துக்கு அழைத்தனர். இத்தாலியில் நடந்த அத்தா, திரெபியா, நோவி ஆகிய போர்களில் பிரெஞ்சுப் படைகளை வென்றபின் அவர் சுவிட்சர்லாந்துக்குத் திருப்பப்பட்டார். காட்ஹார்டு கணவாயையும் ராய்ஸ் ஆற்றின் மீதிருந்த பேய்ப் பாலத்தையும் போரிட்டே கடந்து உள்ளே சென்றபோது, அவர் சேரவேண்டிய ரஷ்யத் தளபதி கோர்சகோவின் படை சூரிச்சில் முன்பே தோற்றிருந்தது. சூழ்ந்த எதிரியிடம் சரணடையாமல், பீரங்கிகளைக் கைவிட்டு, பனி மூடிய பானிக்ஸ் கணவாய் வழியே எஞ்சிய படையை மீட்டுக்கொண்டு வந்தார். உச்சப் பட்டம் கிடைத்தது இந்தப் பின்வாங்கலுக்குப் பிறகுதான். மறு ஆண்டே, அரசரின் சினத்துக்கு மீண்டும் ஆளான நிலையில், அவர் இறந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள கல்லறைக் கல்லில் 'இங்கே சுவோரவ் கிடக்கிறார்' என்பது மட்டுமே உண்டு. பட்டம் எதுவும் இல்லை.

சோவியத் அரசு 1942-இல் சுவோரவ் பெயரில் விருதை நிறுவியது; 1945-இல் ஸ்டாலின் இதே பட்டத்தை ஏற்றார். ஸ்பெயினின் பிராங்கோ, சீனாவின் சியாங் கை ஷேக் போன்றோரும் சூடியதால், இன்று செய்தித்தாள்களில் இச்சொல் சர்வாதிகாரிகளைக் குத்தலாகச் சுட்டவும் பயன்படுகிறது.

இச்சொல்லைத் தமிழில் 'பெரும்படைத்தலைவர்' என்றால் பெரும்படைக்குத் தலைவரா, பெருமை மிக்க படைத்தலைவரா என்ற மயக்கம் எழும். சோழர் கல்வெட்டுகளில் வரும் 'தண்டநாயகன்' தளபதிப் பதவியைக் குறிக்குமே தவிர அதன் உச்சத்தைக் குறிக்காது. அரசன் மோதிரத்துடன் அளித்த 'ஏனாதி' பட்டம், வழங்கப்படும் சிறப்பு என்ற வகையில் நெருங்கி வந்தாலும் இன்றைய வாசகருக்குப் புரியாது. பீல்டு மார்ஷலைப் 'பெருந்தளபதி' என்று வைத்துக்கொண்டால், இதைத் 'தலைமைப் பெருந்தளபதி' எனலாம். வடசொல் வேண்டாதவர் 'முதற்பெரும் படைத்தலைவர்' என எழுதலாம்.