ரோலரில் ஏன் ஆயில் கசிகிறது?

ஏரி தூர்வாரும் வேலையில் நிற்கிற செயின் வண்டிக்கு (சக்கரத்துக்குப் பதில் இரும்புச் செயினில் ஓடும் மண் அள்ளும் இயந்திரம்) அடியில் குனிந்து பாருங்கள். செயின்மேல் உருண்டு வண்டியின் எடையைத் தாங்கும் கீழ் ரோலர்களில் ஒன்றின் ஓரம் மட்டும் கறுத்து, ஈரத்தில் புழுதி அப்பிக் கிடந்தால், உள்ளிருக்கும் எண்ணெயை வெளியே விடாமல் அடைக்கும் அதன் சீல் கசிகிறது என்று பொருள். "சீல் பழசாயிடுச்சு" என்று மாற்றிவிடுவார்கள். சில நேரம் புதுசும் சீக்கிரமே கசியும்.

ரோலரில் இருப்பது என்ஜினில் நாம் பார்க்கிற ரப்பர் உதடு அல்ல, ஃபுளோட்டிங் சீல். கடினமான இரும்பு வளையங்கள் 2, அவற்றைத் தாங்க ரப்பர் வளையங்கள் 2. ஓர் இரும்பு வளையம் ரோலரோடு சுற்றும். மற்றது ஷாஃப்ட் (ரோலரின் நடு அச்சு) பக்கம் அசையாமல் நிற்கும். கண்ணாடி போல மெருகேற்றிய இரண்டு முகங்களும், நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலத்தோடு, உரசியபடியே எண்ணெயை உள்ளே நிறுத்துகின்றன. அவற்றை நெருக்கிப் பிடிப்பதும், வண்டி குலுங்கும்போது வளைந்து கொடுப்பதும் ரப்பரின் வேலை.

கழற்றிய வளையத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்தால் பளபளப்பான ஒரு பட்டை தெரியும். புதிதில் வெளி விளிம்பருகே இருக்கும் அது, தேயத் தேய உள்ளே நகரும். உள் விளிம்பை எட்டினால் ஆயுள் முடிந்தது. பட்டை வெளியோரத்திலேயே இருக்கும்போது கசிந்திருந்தால், வயதின் மேல் பழி போடக் கூடாது.

பெரும்பாலும் சேறுதான் காரணம். ரோலருக்கும் அதன் ஓரத்தில் அசையாமல் நிற்கும் காலருக்கும் இடையிலுள்ள சந்தில் களிமண் புகுந்து, வெயிலில் காய்ந்து கல்லாகிறது. ரப்பர் நசுங்க இடமில்லாமல் போகிறது. இரும்பு வளையம் சாய்கிறது. முகங்கள் மயிரிழை விலகினாலும் போதும், எண்ணெய் வெளியே வரும், மணல் உள்ளே போகும்.

அடுத்தது மாட்டும் விதம். ரப்பர் சுலபமாக இறங்கட்டும் என்று அதில் ஆயில் தடவுகிறார்கள். அது தவறு. ரப்பரும் அது உட்காரும் சரிவும் சுத்தமாக, உலர்ந்து இருக்க வேண்டும்; வழுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு பக்கம் மட்டும் அழுத்தும். ஆயில் இரும்பு முகத்துக்கு மட்டும்தான், அதுவும் மெல்லியதாக. பழைய வளையத்தோடு புதியதை ஜோடி சேர்ப்பதும் வேண்டாம்.

வண்டியைத் தொலைதூரம் செயினிலேயே ஓட்டினால் ரோலர் சூடேறி, ரப்பர் விறைத்துப் போகும். ஷாஃப்டைச் சுற்றியுள்ள உலோகக் குழலான புஷ் தேய்ந்து ரோலர் ஆடினாலும் முகங்கள் விலகும்.

ரோலரில் எண்ணெய் குறைவதைக் காட்ட மீட்டர் கிடையாது. ஆகவே மாலையில், மண் ஈரமாக இருக்கும்போதே, பக்கெட்டை ஊன்றி ஒரு பக்கச் செயினைத் தூக்கிச் சுற்றவிட்டுச் சேற்றை உதறுங்கள். வண்டியை இறக்கி, என்ஜினை நிறுத்தியபின் மிச்சத்தை மண்வெட்டியால் வழித்து, ஒவ்வொரு ரோலர் ஓரத்தையும் கையால் தடவிப் பாருங்கள்.